ஆளில்லா நாற்காலிக்கும் சீட்டு

போக்கர் போட்டியின் பதிவு மேசைப் பெண் கையை நீட்டியதும் நேவியோ பணப்பையைத் திறந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தான். காஸ்தோனேவும் துல்லியோவும் தங்களுடைய அடையாள அட்டைகளைக் காரிலேயே அவனிடம் தந்திருந்தார்கள். அதோடு தன்னுடையது. அதோடு தம்பியுடையது.

பதினோரு வருடமாக அப்படித்தான். லோரிஸ் கையில் கொடுத்தது எதுவும் கரை சேராது. சாவி, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை படகின் துடுப்புகூட. அதனால் அவனுடைய அட்டை அண்ணனின் பையில்தான் இருக்கும். மே மாதம் அவனுடைய அடக்கம் முடிந்த பிறகு அதை யாரும் கேட்கவில்லை. நேவியோவும் எடுத்து வைக்கவில்லை. அப்படியே நவம்பர் வந்துவிட்டது.

“நாலு பேரும் பிப்ரவரியிலயே பணம் கட்டியிருக்கீங்க,” என்றாள் அந்தப் பெண், கணினியைப் பார்த்தபடி. வருடாவருடம் இவர்களைப் பார்க்கிறவள் என்பதால் தலையை எண்ணவில்லை. “அதே நாலு பேர்தானே?”

“அதே நாலு பேர்தான்,” என்றான் நேவியோ.

நான்கு துண்டுத் தாள்கள் அச்சாகி வந்தன. மாடிப்படியில் பாதி ஏறி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் கையில் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தான். ஆறாவது மேசை, மூன்றாவது நாற்காலி. மேலே தம்பியின் பெயர்.

காஸ்தோனே அதை வாங்கிப் பார்த்தான். வழியில் நின்றுபோன லாரிகளை இழுத்துவருவது அவன் தொழில். குரல் எப்போதும் இன்ஜின் சத்தத்துக்கு மேலேயே இருக்கும். இப்போது இறங்கியது.

“என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“கை தானா குடுத்துடுச்சு.”

“கை குடுத்துச்சு, சரி. ‘நாலு பேர்தான்’னு சொன்னது யாரு? அதுவும் கைதானா?” பிறகு அவனே தலையைச் சொறிந்துகொண்டான். “நானும் பக்கத்துலதான நின்னேன். எனக்கும் உறைக்கலையே.”

துல்லியோ இரண்டு படி கீழே நின்றான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். இருபது வருடத்தில் ஒரு குழந்தையைக்கூடத் தவறான வாசலில் இறக்கியதில்லை. “இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடு. செத்தவன் அட்டையக் காட்டிப் பேரு குடுத்தோம்னு பின்னாடி தெரிஞ்சா நாலு பேரையும் வாசல்லயே நிறுத்திடுவாங்க.”

“மூணு பேரை,” என்றான் காஸ்தோனே.

“சரி, மூணு பேரை. சொல்லிட்டா பணத்தத் திருப்பிக் குடுத்துடுவாங்க. ஆறு மணிக்குள்ள சொல்லணும், அதுக்கப்புறம் தரமாட்டாங்க. மிரெல்லாவுக்குப் போகவேண்டிய பணம்டா அது.”

மிரெல்லா, லோரிஸின் மனைவி.

“சொல்றேன்,” என்றான் நேவியோ. “கொஞ்சம் கழிச்சு.”

“நான் வேணா சொல்லட்டா?”

“வேண்டாம். நான் சொல்றேன்.”

அவன் மேசைக்குத் திரும்பிப் போகவில்லை. மேலேதான் ஏறினான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் முடிகிற வேலை. அந்த ஒரு வரியை அவன் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவனுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் ஊரில், இத்தாலியின் போ நதி கடலில் கலக்கும் சேற்று நிலத்தில், சாவை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சவப்பெட்டி செய்கிறவரே தாளும் அச்சடித்துத் தந்துவிடுவார்: மேலே புகைப்படம், கீழே பெயர், வயது, அடக்க நேரம். மதுக்கடைச் சுவர், தேவாலய வாசல், பாலத்தடிப் பலகை என்று எங்கும் ஒட்டிவிடுவார்கள். லோரிஸின் தாளை ஒட்டியது துல்லியோதான். மறுநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போனபோது ஊருக்கே தெரிந்திருந்தது. எதிரே வந்தவர்கள் நேவியோவின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அவன் தலையை ஆட்டினான். மாதக்கணக்கில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்லொவேனிய ஊரான நோவா கொரீட்சாவில், அப்படிச் சுவரில் தாள் ஒட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நீளமான கூடம், பன்னிரண்டு மேசைகள், ஜன்னல் கிடையாது. நேவியோவுக்கு ஒன்பதாவது மேசை. அங்கிருந்து பார்த்தால் ஆறாவது மேசையின் ஒரு பக்கம் தெரிந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலி மேசையை ஒட்டித் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் மற்ற எல்லோருக்கும் போலவே பணயம் வைப்பதற்கான வண்ணச் சில்லுகள் மூன்று அடுக்கு.

போக்கர் போட்டியில் பணம் கட்டியவன் வராவிட்டாலும் ஆட்டம் அவனை விடாது. சீட்டுப் போடுகிற பெண் ஆளில்லா நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போடுவாள். எல்லோருக்கும் போட்டு முடித்ததும் அந்த இரண்டையும் திறக்காமலே எடுத்துக் கழித்துவிடுவாள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பணயம் வைக்க வேண்டும். முதலாமவன் சிறியது, அடுத்தவன் அதைப்போல் இரண்டு மடங்கு. வராதவனின் முறை வரும்போது அவளே அவனுடைய அடுக்கிலிருந்து எடுத்து நடுவில் வைப்பாள். தடுத்து ஆட ஆள் இல்லாததால் துணிந்தவன் எவனோ அதை எடுத்துக்கொள்வான். அரை மணிக்கு ஒருமுறை பணயம் ஏறும். இப்படியே விட்டால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த அடுக்குகள் கரைந்துவிடும். அதுவரை பட்டியலில் அவன் ஆடிக்கொண்டிருப்பவன்தான். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ‘ஆட்டத்தில் இருப்பவர்கள்: 104’ என்று இருந்தது. அதில் ஒருவன் லோரிஸ்.

முதல் இரண்டு மணி நேரம் நேவியோ தனக்கு வந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆடாமலே மடக்கினான். ராஜா ஜோடி ஒன்று வந்தது. அதில் கொஞ்சம் ஜெயித்தான். ஜெயித்ததும் தெரியவில்லை, தோற்றதும் தெரியவில்லை. பல் பிடுங்கும் முன் மருந்து குத்திய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. சீட்டை மடக்கியதும் கண் ஆறாவது மேசைக்குப் போய்விடும். அடுக்கு மூன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டரை.

இடைவேளையில் காஸ்தோனே கையில் பீருடன் வந்தான். எல்லாச் சில்லுகளையும் தோற்று ஆட்டத்திலிருந்து வெளியேறியிருந்தான்.

“ஜாக்கி மூணு வெச்சிருந்தேன்டா. மூணு ஜாக்கி. எதிர்ல ஒரு சின்னப் பொண்ணு, காதுல பாட்டு மாட்டிக்கிட்டு, நேர் வரிசையா அஞ்சு சீட்டு வெச்சிருக்கா. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல. லாரி இழுக்குற மாதிரி இழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா.”

“துல்லியோ?”

“அவனா? அவன் இன்னும் ஒரு சில்லுகூட வெளிய வைக்கல. ஆஸ்தியக் காக்குற மாதிரி காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.” காஸ்தோனே ஒரு வாய் குடித்தான். “லோரிஸ் உன்னைவிட அதிகம் வெச்சிருக்கான், பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“உயிரோட வந்திருந்தா முதல் அரை மணியிலயே அத்தனையும் உள்ள தள்ளிட்டு, ‘சும்மா பார்த்தேன்’னு சீட்டத் திறந்து காட்டிட்டு, பாருக்குப் போயிருப்பான். பதினோரு வருஷத்துல அவன் இவ்வளவு நேரம் தாக்குப் பிடிச்சதே இல்லடா.”

நேவியோவுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. காஸ்தோனேதான் சிரித்தான், சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

“போய்ச் சொல்லிடுடா,” என்றான் பிறகு. “துல்லியோ சொல்றானேன்னு சொல்லல. எனக்கே பார்க்க முடியல.”

“சொல்றேன்.”

நாலரை மணிக்கு ஒன்பதாவது மேசையைக் கலைத்தார்கள். ஆட்கள் குறையக் குறைய மேசைகளைக் கலைத்து, இருப்பவர்களை வேறு மேசைகளின் காலி இடங்களுக்கு அனுப்புவது வழக்கம். யாருக்கு எந்த இடம் என்று கணினி சொல்லும். நேவியோவுக்கு ஆறாவது மேசை, இரண்டாவது நாற்காலி வந்தது. தன் சில்லுகளை மரத்தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பியின் நாற்காலிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான்.

முதல் நாற்காலியில் கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து வந்த ஓர் ஆஸ்திரியக் கிழவர். எல்லோரும் அவரை ஹெல்முட் என்று பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். இத்தாலிய மொழியை உடைத்து உடைத்து, ஆனால் அச்சமில்லாமல் பேசினார்.

“வாங்க, வாங்க. நல்ல இடமா பார்த்து வந்திருக்கீங்க.” ஆளில்லா நாற்காலியைக் கண்ணால் காட்டினார். “இவர் தங்கமான மனுஷன். பேசமாட்டார், கோவிச்சுக்கமாட்டார், கேட்டதக் குடுப்பார். மத்தியானத்திலேருந்து எனக்குச் சோறு போடுறதே இவர்தான்.”

மேசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நேவியோ தலையை ஆட்டினான்.

தம்பி பெரிய பணயம் வைக்கும் முறை வந்தால், அதற்கு முந்திய நாற்காலிக்காரனாகிய நேவியோ சிறிய பணயம் வைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் மடக்கிவிடுவார்கள். கடைசியில் ஹெல்முட் ஒரு கைப்பிடிச் சில்லை நடுவில் தள்ளுவார். எதிர்க்க இருப்பது நேவியோ ஒருவன்தான். அவனும் மடக்கினால் லோரிஸ் வைத்தது அவருக்குப் போகும்.

முதல் தடவை நேவியோ மடக்கினான். ஹெல்முட் சில்லுகளை இழுத்துக்கொண்டு, ஆளில்லா நாற்காலியைப் பார்த்து, “நன்றி அய்யா,” என்றார்.

இரண்டாவது தடவை நேவியோவுக்கு வந்தவை எட்டும் மூன்றும். ஒன்றுக்கும் ஆகாதவை. ஹெல்முட் தள்ளியதும், அவர் வைத்ததைப்போல் மூன்று மடங்கு எடுத்து முன்னால் வைத்தான். ஹெல்முட் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டை மடக்கினார். நடுவிலிருந்த சில்லுகளைச் சீட்டுப் போடும் பெண் நேவியோவிடம் தள்ளினாள்.

லோரிஸ் வைத்த சில்லுகள் எவை என்று அவனுக்குத் தெரியும்; பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவற்றைத் தன்னுடையவற்றோடு சேர்க்காமல் தனியாக அடுக்கினான். அப்படியே இடப்பக்கம் நகர்த்தித் தம்பியின் அடுக்கில் வைத்துவிட முடியுமா என்று ஒரு கணம் யோசித்தான். ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒருவன் சில்லு இன்னொருவனிடம் போக வேண்டுமென்றால் ஜெயித்துத்தான் போக வேண்டும். லோரிஸ் இனி ஜெயிக்கப்போவதில்லை. அவனுடையதை யார் எடுப்பது என்பது மட்டும்தான் மிச்சம்.

அதற்கப்புறம் அவன் வேறு எதற்கும் ஆடவில்லை. நல்ல சீட்டு வந்தாலும் மடக்கினான். தம்பியின் முறை வரும்போது மட்டும், என்ன சீட்டு என்று சரியாகப் பார்க்காமலே, ஹெல்முட்டை எதிர்த்து வைத்தான். மூன்று சுற்று அப்படிப் போனது. தனி அடுக்கு விரல் உயரம் வளர்ந்தது.

“சின்னவரே,” என்றார் ஹெல்முட், மூன்றாவது தடவை மடக்கும்போது. நேவியோவுக்கு ஐம்பத்தொன்று. “என் சோத்துல கை வைக்கிறீங்க.”

“உங்க சோறு இல்லயே.”

“அப்போ யாரோடது? உங்களோடதா?”

மேசையே இப்போது அவர்கள் இருவரையும் பார்த்தது.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது துல்லியோ வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவனும் தோற்றுவிட்டிருந்தான். காதருகே குனிந்தான்.

“மணி என்னன்னு பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“நான் கீழ போய்ச் சொல்லிடுறேன்டா. நீ வாயே தொறக்க வேணாம்.”

“துல்லியோ, நீதான சுவர்ல எல்லாத் தாளையும் ஒட்டின. விடு.”

துல்லியோ நிமிர்ந்தான். பிறகு, “பார்ல இருக்கேன், சாப்பாடு சொல்றேன்,” என்று போனான்.

அடுத்த சுற்றில் லோரிஸின் முறை வந்தது. சீட்டுப் போடும் பெண் அவன் அடுக்கிலிருந்து எடுத்து நடுவில் வைத்தாள். எல்லோரும் மடக்கினார்கள். ஹெல்முட் வழக்கம்போலத் தள்ளினார். ஆனால் இந்த முறை எதுவும் பேசவில்லை. நேவியோ சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்பேட் ஒன்பது, டைமன் நாலு. ஹெல்முட் பேசாமல் இருந்தால் கையில் பெரிய சீட்டு என்பது எந்த ஆட்டக்காரனுக்கும் தெரியும். நேவியோவுக்கும் தெரிந்தது. தன் அடுக்குகளையும் தனி அடுக்கையும் இரண்டு கையாலும் அணைத்து மொத்தமாக நடுவில் தள்ளினான்.

“எல்லாமா?” என்றாள் பெண்.

“எல்லாம்.”

ஹெல்முட் பெருமூச்சு விட்டபடி சீட்டைத் திறந்தார். ராணி ஜோடி. நடுவில் ஐந்து சீட்டுகள் விழுந்தன. அவற்றில் ஒன்பதும் இல்லை, நாலும் இல்லை. எல்லாம் ஹெல்முட்டிடம் போயின. தனியாக வைத்திருந்ததும் போயிற்று.

நேவியோ எழுந்தான். நன்றாக ஆடினீர்கள் என்று யாரோ சொன்னார்கள். கழிப்பறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரைக் கைகளில் ஓடவிட்டான். வெளியே வந்தபோது கால்கள் பாருக்குப் போகாமல் ஆறாவது மேசைக்கே கொண்டுவந்துவிட்டன. அவன் இருந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். தம்பியின் நாற்காலி காலி. அதன் முன்னால் ஒரே அடுக்கு, அதுவும் சரிந்து கிடந்தது. நேவியோ அதன் பின்னால் நின்றுகொண்டு நாற்காலியின் முதுகில் கையை வைத்தான்.

அரை மணிக்கு ஒருமுறை சீட்டுப் போடுகிறவர்கள் மாறுவார்கள். இப்போது வந்திருந்தவள் புதியவள், இளையவள். சட்டையில் ஷ்பேலா என்று பெயர் குத்தியிருந்தாள். அவள் அவனையும் நாற்காலியையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

“மூணாவது நாற்காலி நீங்கதானா? உட்காருங்க, இன்னும் இருக்கு. அடுத்த கைக்கு உங்களுக்கும் போடுறேன்.”

ஹெல்முட் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நேவியோ அந்தச் சில்லுகளைப் பார்த்தான். உட்கார்ந்தால் சீட்டு வரும். திறந்து பார்க்கலாம். பையில் அட்டை இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தாடை, ஒரே நெற்றி. இந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் லோரிஸ் ஆடலாம். ஷ்பேலா சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“நான் இல்ல,” என்றான் நேவியோ. “இது என் தம்பி இடம்.”

“லேட்டா வருவாரா?”

“வரமாட்டான்.”

“வரமாட்டாரா? இல்ல, இன்னும் கொஞ்சம்…”

“செத்துட்டான்.”

அவள் கையிலிருந்த சீட்டுக்கட்டை மேசையில் வைத்தாள். மேசையில் சில்லுகளைக் கலகலக்க வைத்து விளையாடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. அவள் கையைத் தூக்கி மேற்பார்வையாளரை அழைத்தாள். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். அவரிடம் அவள் ஸ்லொவேனிய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் நேவியோ பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க.”

“இங்க பேரு குடுத்திருக்கறது என் தம்பிக்கு. மே மாசமே செத்துட்டான். மத்தியானம் நான்தான் தெரியாம அவன் அட்டையக் குடுத்துட்டேன்.” இரண்டாவது தடவை சொல்லும்போது அது முதல் தடவையைவிடச் சுலபமாகவும் இல்லை, கடினமாகவும் இல்லை. “மே பதினாலு. தண்ணி பாட்டில் கட்டு ஒண்ண வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தப்போ அப்படியே விழுந்துட்டான். நாற்பத்தாறு வயசு.”

அவர் அவ்வளவு கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பணத்தைப் பற்றி இப்போது எதுவும் உறுதி சொல்ல முடியாது, தலைமையிடம் கேட்க வேண்டும் என்றார். நேவியோ சரி என்றான். அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தான். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஷ்பேலா லோரிஸின் சில்லுகளை மேசையில் பரப்பி, எல்லோரும் பார்க்க எண்ணி, பெட்டியில் போட்டாள். அது வழக்கம். ஹெல்முட் எழுந்து நின்றிருந்தார். தொப்பி இல்லாத தலையில் எதையோ எடுப்பதுபோலக் கை மேலே போய் இறங்கியது.

“எனக்குத் தெரியாது,” என்றார். “சும்மா வேடிக்கையாப் பேசிட்டேன்.”

“அவன் இருந்திருந்தா சிரிச்சிருப்பான்,” என்றான் நேவியோ. “நீங்க ஆடுங்க.”

திரையில் ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழாக மாறியது. நேவியோ மேசைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வெளியே வந்தான்.

பாரில் காஸ்தோனே யாரிடமோ மூன்று ஜாக்கிகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். துல்லியோ சுவரோரமாக ஒரு மேசையைப் பிடித்து மூன்று தட்டு கூலாஷ் இறைச்சிக் குழம்பு வாங்கி வைத்திருந்தான். நேவியோ எதிரே உட்கார்ந்தான்.

“பத்து நிமிஷம் தாண்டிடுச்சு,” என்றான். “பணம் வருமான்னு தெரியல. வரலேன்னா மிரெல்லாவுக்கு நான் குடுத்துக்கறேன்.”

“அத விடு. சொன்னியா?”

“சொன்னேன்.”

துல்லியோ ரொட்டிக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினான். நேவியோ ஒரு துண்டை எடுத்து, பிய்க்காமல் கையிலேயே வைத்திருந்தான். கூடத்தின் ஒரு பக்கம் யாரோ ஜெயித்து நாலைந்து பேர் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தான்.

“லோரிஸ் செத்துட்டான், துல்லியோ.”

துல்லியோ கரண்டியைக் கீழே வைத்தான்.

“தெரியும்டா,” என்றான்.

“உன்கிட்ட நான் சொல்லவே இல்லல்ல?”

“இல்ல.”

காஸ்தோனே கதையை முடித்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நேவியோ அவன் பக்கம் திரும்பி, அவனிடமும் சொன்னான்.